இழுத்தடிப்பு

"அவன் ராணியும் போச்சு, யானையும் போச்சு. காய நகத்தாம சும்மா நேரத்த ஓட்டுதான்!" செல்போனில் செஸ் ஆடிய இசக்கித்துரை பதறினான்.

பக்கத்துத் தறி விஜயராஜ் சிரித்தான். "தோக்கப் போறவன் இழுத்தடிக்கத்தான் செய்வான். விட்டுத்தள்ளும் வே!"

"இவன் தோத்தா உடனே ஒத்துக்கிடுவானே!"

இசக்கித்துரை தறியை நிறுத்திவிட்டு பைக் சாவியை எடுத்தான்.

"செஸ்ஸுக்காகவா வே தறிய நிறுத்துதீரு?"

"எதிர்ல ஆடுதது என் தம்பி. நெஞ்சுல ஆபரேஷன் பண்ணிட்டு சிவகிரியில தனியாக் கெடக்கான். போன் அடிச்சாலும் எடுக்கல."

அப்போது செல்போனில் தம்பியின் செய்தி வந்தது.

"அலுத்துப்போய் நீயே ஆட்டத்த விட்டுப் போவ, நான் ஜெயிச்சிரலாம்னு பாத்தேன். அசைய மாட்டேங்கியே அண்ணே!"

இசக்கித்துரை கண்ணைத் துடைத்தான்.

"திருட்டுப்பயலே... நல்லா இருலே!"

தறி மறுபடி ஓடியது.