பார்வையிட்டோர் சீட்டு

நாடாவின் முடிச்சு லேசில் அவிழவில்லை.

நகத்தால் நெம்பி அவிழ்த்துக் கோப்பைத் திறந்தாள். ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தாள்கள் பறக்காமல் இருக்க உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவள் எழுதிய புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. இந்தக் கோப்பிலிருந்து ஒரு பக்கத்தின் படம் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். அதற்காகத்தான் வந்தாள். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

தேயிலைத் தோட்டத்து மக்களைக் கப்பலேற்றுவது பற்றி இரு நாட்டு அதிகாரிகள் பேசிய கூட்டத்தின் குறிப்பு. பதினேழாம் பக்கம்.

அச்சில் வந்த ஆவணத் தொகுப்பிலும் இந்தப் பக்கம் உண்டு. அதில் நடுவே மூன்று புள்ளிகள் இருக்கும்.

இங்கே புள்ளிகள் இல்லை. நான்கு வரிகள் இருந்தன.

மொழிபெயர்ப்பாளர் சூசைநாதன் எழுந்து நின்றாராம். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் பேசி முடிப்பது தகாது என்றாராம். அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கூட்டம் தொடர்ந்ததாம்.

அந்த நான்கு வரிகளையும் மறுபடி படித்தாள்.

'அங்கிருந்த ஒரே தமிழரும் வாயைத் திறக்கவில்லை' என்று எழுதியவள் அவள். நல்ல வாக்கியம் என்று நாலு பேர் மெச்சவும் செய்தார்கள். அடிக்குறிப்பில் தொகுப்பின் பெயரைப் போடவில்லை. நேரில் பார்த்தவள் போலக் கோப்பு எண்ணைப் போட்டாள்.

தொகுப்பை மட்டும் நம்பாதீர்கள், மூலத்தைப் போய்ப் பாருங்கள் என்று ஆண்டுதோறும் மாணவர்களிடம் அடித்துச் சொல்கிறவளும் அவள்தான்.

புத்தகம் வந்த புதிதில் கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். சூசைநாதனின் மகள் ஜெசிந்தா.

"எங்கப்பா ஒண்ணுமே சொல்லலையாம்மா? அந்தக் காகிதத்த நீங்களே கண்ணால பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றாள். கூசாமல் சொன்னாள்.

 சரிம்மா என்று சொல்லி ஜெசிந்தா வைத்துவிட்டார்.

கோப்பை வாங்கிப் பார்க்கிறவர்கள் உள்ளட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டில் பெயர், தேதி, நோக்கம் எழுத வேண்டும். அது இங்கே வழக்கம். அவள் அட்டையைத் திருப்பினாள்.

சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

சூ. ஜெசிந்தா. புத்தகம் வெளிவந்து மூன்றாம் மாதத்துத் தேதி. நோக்கம்: சரிபார்க்க.

அதற்குப் பிறகு நாலு வருடம் ஓடிவிட்டது. எல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் பெண் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. நன்றாகத் திட்டியிருந்தாலாவது தேவலை.

வாசிப்பறை அலுவலர் அருகில் வந்து நின்றார். இங்கே பேனாவுக்கு அனுமதி கிடையாது. பென்சிலை நீட்டினார்.

"அந்தம்மாகிட்ட மேலேருந்து எழுதுங்கன்னுதான் சொன்னேன், மேடம். இல்லைங்க, எனக்கு முன்னாடி ஒருத்தங்க பாத்திருக்காங்க, அது அவங்க இடம்னுட்டாங்க."

அப்போதுதான் கவனித்தாள். ஜெசிந்தாவின் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது.

முதல் வரி காலியாக இருந்தது.

பென்சிலை வாங்கினாள். அதன் நுனி முதல் வரியைத் தொடாமல் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.

மூன்றாவது வரியில் தன் பெயரை எழுதினாள். இன்றைய தேதியைப் போட்டாள்.

நோக்கம் என்ற இடத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை.