கரப்பானுக்கு மருந்து

இன்றைக்குக் கேட்டே தீருவது என்ற முடிவோடுதான் வேங்கிக்காலில் பஸ் ஏறினாள் குசுமாவதி.

பதினாலு மாதமாக அரிப்பு. கையிலோ காலிலோ என்றால் ஊருக்கே காட்டலாம். இது மறைவிடத்தில். ஆபீஸ் நாற்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. வேப்பிலைத் தண்ணீர், மருந்து சோப்பு, விளம்பரத்தில் பார்த்த ட்யூப் எல்லாம் ஆயிற்று. ஒரு தடவை டாக்டரிடமும் போனாள். ஆண் டாக்டர். வாய் வராமல் கையை நீட்டி, கைக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

செல்போனில் தேடினால் எக்ஸிமா என்றது. அவள் பிறந்த ஊரில் அதற்குக் கரப்பான் என்று பேர். அப்படிச் சொன்னால் வெட்கம் கொஞ்சம் கம்மி.

மறுநாள் பௌர்ணமி. மெடிக்கல் ஷாப்பில் கிரிவலக் கூட்டம். கால் வலிக்கும் கொப்புளத்துக்கும் எல்லாரும் சத்தம் போட்டு மருந்து கேட்டார்கள். காலுக்கென்ன, கொடுத்து வைத்தது. குசுமாவதி ஓரமாக நின்று, கூட்டம் கலைந்ததும் கவுன்டரை நெருங்கினாள்.

"சொல்லுங்கம்மா" என்றாள் கடைக்காரி மெஹ்ருன்னிசா.

"கரப்பானுக்கு மருந்து வேணும்."

"எங்க இருக்கு?"

"கீழ... மறைவா இருக்கற எடத்துல."

"எத்தினி நாளா?"

"வருஷத்துக்கு மேல ஆவுது. கழுவக் கழுவ ஜாஸ்தி ஆவுதுங்க."

மெஹ்ருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று குரல் உயர்ந்தது.

"பூச்சின்னா அப்படித்தாம்மா! சிங்க் கீழ, ஷெல்ஃப் கீழ, எங்க ஈரமோ அங்க வந்து ஒக்காந்துக்கும். இருங்க, நல்ல மருந்தா தரேன்!"

உள்ளே போய்விட்டாள். குசுமாவதிக்கு அழுகை முட்டியது. வாயைத் திறந்து சொன்னதே பெரிய பாடு, அது கடைசியில் கரப்பான் பூச்சியில் போய் முடிந்ததே!

மெஹ்ருன்னிசா வந்ததும், "பூச்சி இல்லீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"குசுமா! பூச்சி மருந்தா வாங்கற?"

பின்னால் த்ரிசலா. கணவனின் அக்கா. மாதாமாதம் பிரஷர் மாத்திரைக்கு இந்தக் கடைக்குத்தான் வருவாள், சில தடவை குசுமாவதியையும் கூட்டிக்கொண்டு. அவர்களோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டாள். எறும்புக்குப் பயந்து தரையைப் பார்த்தே நடப்பாள்.

கவுன்டரில் கரப்பான் படம் போட்ட டப்பா, சுற்றிலும் டேப் ஒட்டி உட்கார்ந்திருந்தது. பூச்சிக்கு இல்லை என்றால் பின் எதற்கு என்று சொல்ல வேண்டுமே. குசுமாவதி காசைக் கொடுத்து எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் த்ரிசலா ஆரம்பித்தாள்.

"கேளுடா ஜினராஜ். உம் பொண்டாட்டி உயிரைக் கொல்ல மருந்து வாங்கினு வந்திருக்கா. ஜைன வூட்ல செய்யற காரியமாடா இது? வழியெல்லாம் கேக்கறேன், வாயத் தொறக்கல."

"நம்ம வீட்ல ஏது குசுமா கரப்பான்? நான் ஒண்ணு கூடப் பாத்ததில்லையே?" என்றான் ஜினராஜ்.

"நீங்க பாத்ததில்லதான்" என்றாள் குசுமாவதி.

கொலைகாரி என்றால் கொலைகாரி, இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு மறுபடி அதே கடைக்குப் போவேன். கரப்பான் கிரப்பான் என்று சுற்றி வளைக்காமல், இடத்தையும் சேர்த்துச் சொல்வேன். மருந்து வாங்காமல் திரும்புவதில்லை. மனசு இப்படி உறுதியானதும் அவளுக்குப் பாதி பாரம் குறைந்தது.

"அந்த டப்பாவை இங்க குடு" என்றாள் த்ரிசலா. "குப்பைல போட்டா எறும்பு தின்னு சாவும். என்னதுன்னு பாத்து ஆழமாப் பொதைக்கணும்."

குசுமாவதி டப்பாவை நீட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். த்ரிசலா டேப்பைக் கிழித்தாள். உள்ளே பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. இது உயிரைக் கொல்ற மருந்து இல்ல. அவளே வெச்சுக்கட்டும்."

"கரப்பான் போயிடுமா?"

"போயிடும். வியாழக்கிழமை சாயந்திரம் நானும் அவளும் வெளிய போறோம். எங்கன்னு நீ கேக்காத."

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். குசுமாவதி கையில் வைத்தாள்.

உள்ளே பூச்சி மருந்து இல்லை. சின்ன டப்பியில் வெள்ளைக் களிம்பு. கூடவே பில் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள்.

'அம்மா, நீங்க சொன்ன கரப்பான் எனக்குப் புரிஞ்சுது. சோப்பு, வேப்பிலை, கண்ட ட்யூப் எதுவும் அங்க வேணாம். வெறும் தண்ணி போதும். ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு இதைத் தடவுங்க, வாசனை போடாத களிம்பு. வியாழக்கிழமை சாயந்திரம் லேடி ஸ்கின் டாக்டர் இங்க வராங்க. கூச்சப்படாம காட்டுங்க, டோக்கன் நான் போட்டு வெக்கறேன். மன்னிச்சுக்கோங்க, உங்க வீட்டுப் பெரியம்மா படியேறி வந்தாங்க. அதான் பூச்சின்னு கத்திட்டேன்.'

குசுமாவதி நிமிர்ந்தாள். த்ரிசலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எறும்ப மிதிச்சிடக் கூடாதுன்னு தரையையே பாத்து நடந்துட்டேன் குசுமா. ஒரு நாளும் உம் மூஞ்சியப் பாக்கல."