சிலந்தியின் இலவச இழை

சிலந்தியின் செய்தி இழை போணியாகவே இல்லை. மாமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கட்டியிருந்தது. இந்த முனையை மிதித்தால் அந்த முனையில் சேதி தெரியும். மழைக்குமுன் முட்டைகளை மேட்டுக்கு மாற்ற எறும்புகளுக்கு உடனே சேதி வேண்டும். ஆனாலும் தரைவழி நடந்து, எதிரே வந்தவளின் மீசையைத் தொட்டுத்தான் கேட்டுக்கொண்டன.

“இலவசம்தான் அக்கா, காலை வைங்க!” என்றது சிலந்தி.

“இதுல கால் வச்சுத் திரும்பி வந்தவ ஒருத்தியைக் காட்டு. மீசையைத் தொட்டுக் கேட்டுக்கிறோம்” என்றது கட்டெறும்பு.

“திரும்பி வரணும்னு இதுவரை யாரும் கேட்டதில்லையே!”

“அப்ப நனைஞ்சே சாகிறோம். போடா!”

மறுநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. எறும்புகள் இழையை மிதித்தே சேதி சொல்லிக்கொண்டன. ஒரு முட்டைகூட நனையவில்லை. முந்தின இரவே வந்து, சிலந்தியை விழுங்கி, சேவையைச் சரிசெய்திருந்தது பல்லி.