முதுகுக்குப் பின்னால் ஹெலிகாப்டர்

"திரும்பிப் பார்க்கக் கூடாது. காதைத் தீட்டிக்கிட்டு உக்காரு" என்று மச்சினனை சோபாவில் அமுக்கி உட்கார வைத்தார் கணக்கு வாத்தியார்.

அவர் எது வாங்கினாலும் "ஏமாந்துட்டீங்களே மாமா!" என்று சொல்வதையே பிழைப்பாக வைத்திருந்தவன் மச்சினன். இன்றைக்கு அவன் வாயை அடைத்தே ஆக வேண்டும். அதற்காகவே நேற்று முழுக்க மல்லுக்கட்டி, சோபாவுக்குப் பின்னால் பால்கனிக் கதவோரம் டீவிக்குப் புதிதாக வாங்கிய இரண்டு வயர்லெஸ் ஸ்பீக்கர்களை இணைத்து வைத்திருந்தார்.

டீவியில் மழை கொட்டியது. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சலசலத்தது.

"நூத்துக்கு எத்தனை போடுவே?"

"அறுபது போடலாம்" என்றான் மச்சினன், மனசே இல்லாமல்.

அடுத்து ஹெலிகாப்டர் வந்தது. பின்னால் கடகடவென்று கிளம்பிய இரைச்சலில் சோபாவே அதிர்ந்தது.

"மாமா, தலைக்கு மேலயே பறக்குது! நூத்துக்கு நூறு! நானும் வாங்கப் போறேன்!"

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

இரைச்சல் மெல்ல ஓய்ந்தது. பின்னாலிருந்து "பீப்... பீப்... பீப்..."

"ஐயோ, பாம் வச்சுட்டாங்க!" என்று மச்சினன் இரண்டு காலையும் சோபாவுக்கு மேலே தூக்கிக்கொண்டான்.

கூடையோடு பால்கனிக்குப் போன வாத்தியார் மனைவி நின்றாள்.

"பாமும் இல்லை, ஒண்ணும் இல்லை. துணி துவைச்சு முடிஞ்சிடுச்சு. உங்க ஸ்பீக்கரோட கரண்ட் பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் பால்கனியில இருக்கிற வாஷிங் மெஷினை மாட்டினேன். இருங்க, திருப்பி மாட்டித் தரேன்."

வாத்தியார் ரிமோட்டை எடுத்து டீவியை அணைத்தார்.

மச்சினன் மெதுவாகக் காலைக் கீழே இறக்கினான்.

"அக்கா, அந்த மெஷின் என்ன மாடல்?"