ஏழாம் பக்கத்துக் கோடு

"டோரீன், கையில என்னது?"

கிளைவ் கேட்டதும் டோரீன் பென்சிலை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் திருப்பித் தர வந்த துப்பறியும் நாவல் மேஜைமேல் விரிந்து கிடந்தது. ஏழாம் பக்க எண்ணுக்குக் கீழே புத்தம்புதுக் கோடு.

"ஆக, இத்தனை நாளா புத்தகத்தைக் கெடுக்கிறது நீங்கதானா?"

"சின்னக் கோடுதானே, கண்ணு."

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் யாரைக் கூப்பிட்டாலும் 'கண்ணு'தான்; பால்காரரும் கண்ணுதான், போலீஸ்காரரும் கண்ணுதான். லண்டனிலிருந்து இந்த மீன்பிடி ஊருக்கு மாற்றலாகி வந்த நூலகர் கிளைவுக்கு அது இன்னும் பழகவில்லை. வந்த கையோடு சுவரில் அவர் ஒட்டிய அறிவிப்பைக் காட்டினார். 'புத்தகங்களை டிஃபேஸ் செய்யாதீர்.'

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்தது. முகத்தை அழிக்கிறதுன்னு அர்த்தம். சிலையோட மூக்கை உடைக்கிறவன் செய்யற வேலை!"

"ஒரு பென்சில் கோட்டுக்கா பிரான்ஸ் வரைக்கும் போனீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கிளைவுக்குச் சுருக்கென்றது.

"படிச்சதையே மறுபடி எடுத்துடக் கூடாதுன்னு அடையாளம் வைக்கிறீங்க. வயசானவங்க பாதிப் பேர் இதைத்தானே செய்யறாங்க?"

டோரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள்.

"அப்படியே வெச்சுக்கங்க."

"கார்டைக் குடுங்க. இனிமே உங்களுக்குப் புத்தகம் கிடையாது."

டோரீனின் முகம் வாடிப்போனது. கணவர் இறந்தபின் அவருக்குப் பொழுது போவதே இந்தப் புத்தகங்களோடுதான். ஆனாலும் கார்டை வைத்துவிட்டுப் போனார்.

கிளைவ் அதோடு விடவில்லை. துப்பறியும் நாவல்கள் மொத்தத்தையும் இறக்கி, ரப்பரும் கையுமாக உட்கார்ந்து, ஒரு கோடு விடாமல் அழித்தார். முடித்தபோது அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் ஹில்டா வந்தார். துறைமுகத்தில் மீனும் சிப்ஸும் பொரித்து விற்பவர். ஒரு நாவலை எடுத்து ஏழாம் பக்கத்தைப் புரட்டினார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார்.

"ஏழாம் பக்கத்துல அப்படி என்ன பார்த்தீங்க?" என்றார் கிளைவ்.

ஹில்டா குரலைத் தாழ்த்தினார்.

"ஊருக்குள்ள சொல்லிடாதீங்க, கண்ணு. என் பையன் படகு கவிழ்ந்து போனதுலேர்ந்து, கதையில யாராவது கடல்ல மூழ்கினாலே எனக்கு நாலு நாளைக்குத் தூக்கம் வராது. படிக்காமலும் இருக்க முடியல. அதனால டோரீன் முதல்ல படிச்சுப் பார்ப்பா. அந்த மாதிரி ஏதாவது வந்தா ஏழாம் பக்கத்துல கோடு போட்டுடுவா. கோடு இல்லேன்னா நான் தைரியமா எடுத்துட்டுப் போவேன். இதுல இல்ல, பாருங்க."

கிளைவ் பார்த்தார். பக்கத்தின் மடிப்பில் ரப்பர் துகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

புத்தகத்தை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது... இதை வேற ஒருத்தர் கேட்டு வெச்சிருக்காங்க. சமையல் புத்தகம் புதுசா வந்திருக்கு, தரட்டுமா?"

"நாள் பூரா அடுப்புகிட்ட நிக்கிறவளுக்குச் சமையல் புத்தகமா? நல்ல ஆளுய்யா நீங்க! ரோஜாச்செடி வளர்க்கிறது பத்தி ஏதாவது இருந்தா குடுங்க."

சிரித்தபடி அதை வாங்கிக்கொண்டு ஹில்டா கிளம்பினார். அவர் வாசலைத் தாண்டியதும் கிளைவ் போனை எடுத்தார்.

"டோரீன், நூலகத்துலேர்ந்து கிளைவ் பேசறேன். தயவுசெஞ்சு போனை வெச்சுடாதீங்க. எல்லாக் கோட்டையும் அழிச்சுத் தொலைச்சுட்டேன். எது எதுல இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். உடனே கிளம்பி வாங்க... பென்சிலை நான் சீவி வைக்கிறேன்."