பட்டினி வைத்தியம்

"அடி பாவி! வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டுக் கொல்றியேடி!"

அஜ்மல் பீவி போட்ட சத்தம் காஜிமார் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மருமகள் சைனப் கண்ணாடித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொட்டிக்குள் தங்கமீன் வயிறு உப்பி மல்லாந்து மிதந்தது. செட்டையை அடித்து அடித்துக் கீழே போகப் பார்க்கும். பாதி போவதற்குள் பொசுக்கென்று மேலே வந்துவிடும். மறுபடியும் அடிக்கும். மறுபடியும் மல்லாந்துவிடும்.

பெருநாளைக்கு வந்த புருஷன் சிக்கந்தர், ரங்கூனிலிருந்து கப்பலில் குடுவையோடு மடியில் வைத்தே கொண்டுவந்த மீன் அது. அவன் திரும்பிப் போன கொஞ்ச நாளில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதோடு சரி. இருக்கிறானா, இல்லையா, ஒரு தகவலும் இல்லை.

"நான் கொல்லலை மாமி. இது மல்லாந்துச்சுன்னா வயிறு அடைச்சிருக்குன்னு அர்த்தமாம். ரெண்டு மூணு நாள் ஒண்ணும் போடக்கூடாது. அப்புறம் பச்சைப் பட்டாணியை வேகவச்சு, தோலை உரிச்சு, மசிச்சுக் கொடுக்கணும். உங்க மகன்தான் சொல்லிட்டுப் போனாக. மீனை வித்த சீனாக்காரன் சொன்னானாம்."

"அவன் சொன்னானாம், இவ கேட்டாளாம்! எம்மகன் எங்க கெடக்கானோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். அவன் மீனு பசியில கெடந்தா அவனுக்கு ஆகுமாடி?"

அந்தப் பேச்சுதான் சைனப்பைக் குத்தியது. யாரிடமும் சொல்லாமல் அவளும் மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் வைத்திருந்தாள். மீன் பிழைத்துக்கொண்டால் அவுக வந்துருவாக. பைத்தியக்காரத்தனம்தான். அவளுக்கே தெரியும். ஆனால் பிடித்துக்கொள்ள வேறே என்னதான் இருக்கிறது?

மாமனார் சேக் இஸ்மாயில் கடைக்குக் கிளம்பி வந்தார்.

"இன்னுமா இது சாகல?"

"என்ன மாமா இப்படிச் சொல்றீக!"

"வேற எப்படிச் சொல்ல? ஊர்ல மனுசனுக்கே அரிசி இல்ல. இதுக்குக் கொடைக்கானல் பட்டாணி கேக்குதாக்கும்! கொண்டுபோய்த் தெப்பக்குளத்துல விட்டுட்டு வேலையைப் பாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

எப்படி இருந்த மனுசன்! போகிறவன் வருகிறவனையெல்லாம் இழுத்துவந்து, "எம்மகன் கொண்டாந்த மீனு, பாருங்க அண்ணே" என்று காட்டினவர். பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே தப்பித்தவர்கள் மதுரைக்கு ரயிலில் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழியாய் ஸ்டேஷனில் போய்க் கிடந்தார். ஒருநாள் சீக்கிரமே திரும்பி வந்தார். "யாருக்கும் ஒண்ணும் தெரியலையாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஸ்டேஷனுக்கும் போகவில்லை, மீன் இருக்கிற பக்கம் முகத்தையும் திருப்பவில்லை.

கல்நெஞ்சு என்று சைனப் நினைத்துக்கொண்டாள்.

மீன் திண்டாடுகிறதே என்று தொட்டித் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தாள். ஒரு பருக்கை போடவில்லை. ஆனாலும் மறுநாள் பார்த்தால் வயிறு இன்னும் உப்பியிருந்தது. பட்டினி கிடக்கிற வயிறு எப்படி ஊதும்?

குனிந்து பார்த்தாள். தொட்டியோரத்தில் ஊறிப்போன ரொட்டித் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமி! நீங்கதானே ரொட்டி போட்டீக?"

"நானா? அல்லா மேல ஆணையா இல்லடி!"

"பொய் சொல்லாதீக. அது ஊறி வயித்துக்குள்ள ஊதுது. உங்க காலைப் பிடிக்கிறேன் மாமி, போடாதீக. இதுவும் போச்சுன்னா நான் எதைப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

விம்மி விம்மி அழுதாள். அஜ்மல் பீவி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "சத்தியமா நான் இல்ல தாயி" என்றாள். சைனப் நம்பவில்லை.

பட்டாணி கொடுக்கவேண்டிய நாள் வந்தது. காய்க்காரி செல்லத்தாயிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒரு பிடிப் பட்டாணி. சைனப் விடியும்போதே எழுந்து அதை வேகவைத்துத் தோலுரித்து மசித்தாள். கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தொட்டிக்கு வந்தாள்.

அங்கே ஒருவர் குந்தியிருந்தார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்த தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. சேக் இஸ்மாயில்தான். கையில் ரொட்டி. பிய்த்துப் பிய்த்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

மீன் அசையவே இல்லை. ரொட்டித் துண்டுகள் அதைச் சுற்றி மிதந்தன.

"தின்னுடா… பெத்த அத்தா கொண்டாந்திருக்கேன்ல, தின்னுடா…"

சைனப்புக்கு வந்ததே ஆத்திரம்!

"நீங்களா மாமா? இன்னும் சாகலையான்னு கேட்ட நீங்களா? ஒண்ணும் போடாதீக, போடாதீகன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! போட்டுப் போட்டே கொன்னுட்டீகளே!"

அவர் நிமிரவில்லை. மிச்ச ரொட்டி கைக்குள் நசுங்கியது.

"நீ சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சும்மா. ஆனா முடியல. ஸ்டேஷன்ல அன்னைக்கு, எம்மகன்கூட நடந்துவந்த ஒருத்தரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உங்கழுத்துல கெடக்குற கல்யாணக் கருகமணியைப் பாக்கப் பாக்க எனக்குத்தான் சொல்ல வாய் வரல."

சைனப் கழுத்தில் கை வைத்தாள்.

"காட்டு வழியில ஒரு வாய்ச் சோறு கெடைக்காமத்தான் அவன் மவுத்தானாம். அவன் மீனையுமா பசியோட விடச் சொல்ற?"