நம்பர் எங்கே இருக்கு?

"இந்தப் பேனாவுல நம்பர் மூடியில மட்டும்தான் இருக்கா, உடம்புலயும் இருக்கா?"

மல்காஜ்கிரியில் பன்னிரண்டு வருடமாக ஓவியப் பொருள்கள் விற்கும் சபீனாவிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"மூடியிலதான் சார். கைக்கு? ஏன் கேக்கறீங்க?"

"மூடி மாறிப்போச்சுன்னா?"

"மாறினா என்ன சார்? ஒரு கோடு போட்டுப் பாத்தா தெரிஞ்சுடும்."

வந்தவர் சிரித்துக்கொண்டே அந்த அறுபது மார்க்கர் பெட்டியை மூடி நகர்த்திவைத்தார். பெயர் பத்ரிநாராயணன். நாச்சாரத்தில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை. தட்டுத்தடுமாறி இந்தியில் ஆரம்பித்தவர், "தமிழ்லயே பேசுங்க சார், நமக்கு வாணியம்பாடி" என்று அவள் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வந்த விஷயம் இதுதான். குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்குப் படம் வரைய அவருக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. இதுவரை வரைந்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. இது முதல் கலர் வேலை. மாதிரிக்கு ஒரு பக்கம் வரைந்து காட்ட வேண்டும். அது பிடித்துப்போனால் முழுப் புத்தகமும் அவருக்குத்தான்.

"விலை கம்மியா இருக்கணும். மை தீர்ந்தா தூக்கிப் போடக் கூடாது, ஊத்திக்கற மாதிரி இருக்கணும்."

"ஆல்கஹால் மார்க்கர்ல ரீஃபில் வேணும். ஹவ், ஆமா, அப்படிச் சொல்லுங்க."

முதலில் ஜப்பான் பேனாவை எடுத்து வைத்தாள். விலையைக் கேட்டதும் சூடான டம்ளரை வைப்பதுபோல் அவர் அதைக் கீழே வைத்தார். இரண்டாவது மலிவு, பார்க்கவும் அழகு. மூடியெல்லாம் வானவில். மை பாட்டிலும் கூடவே கிடைக்கும். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேனாவுல ஜி-24னு போட்டிருக்கு. பாட்டில்ல எதுவுமே எழுதலையே. இந்த மை இந்தப் பேனாவுக்குத்தான்னு எப்படித் தெரியும்?"

"கண்ணால பாத்தா தெரியும் சார்!"

"வேற இருக்கா மேடம்?"

சபீனாவுக்குக் கோபம் எட்டிப் பார்த்தது. வாங்குகிற உத்தேசமே இல்லாமல் பொழுதைப் போக்க வந்த ஆளோ? இருந்தாலும் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு டப்பாவை இறக்கினாள். ஒரு வருடமாக விற்காத சரக்கு. பேனாவும் சாம்பல், மூடியும் சாம்பல். நிறத்தின் பெயரும் நம்பரும் மட்டும் பெரிதாக அச்சிட்டிருக்கும், பேனாவில், மூடியில், மை பாட்டிலில் என்று மூன்று இடத்திலும்.

"இது நக்கோ சார், வேண்டாம். வெளியிலேருந்து பாத்தா என்ன கலர்னே தெரியாது. யாரும் தொட மாட்டாங்க. முனை தேஞ்சா மாத்திக்கலாம், மையும் நல்ல மைதான். மூஞ்சிதான் சரியில்ல."

"அடடா! இதைத்தானே மேடம் கேட்டேன்!" பத்ரிநாராயணன் பரிசு விழுந்தவர்போல எழுந்தே விட்டார்.

சபீனா ஒரு தாளில் பட்டையாக இழுத்துக் காட்டினாள். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பட்டை. கோடு விழவில்லை, மை திட்டுத்திட்டாக நிற்கவில்லை. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ரெண்டாவது தடவை இழுத்தா கால்வாசி அடர்த்தி கூடுது" என்றார். அவ்வளவு துல்லியமாகப் பார்க்கும் ஆளை அவள் அன்றுதான் பார்த்தாள். கோபம் போய்விட்டது.

"செட்டு வேண்டாம் சார், தனித்தனியா பன்னண்டு போதும். கதை என்ன?"

"ஆட்டுக்குட்டி ஒண்ணு மிளகாய்த் தோட்டத்துக்குள்ள புகுந்துடுது. நீங்களா இருந்தா பழுத்த மிளகாய்க்கு எது எடுப்பீங்க?"

"நானா?" சபீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆர்-17. பாத்தாலே கண்ணுல காரம் ஏறும்."

அவர் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். "இலைக்கு?"

"ஜி-42. அடியில நிழலுக்கு ஜி-46. ஆட்டுக்குட்டிய வெள்ளையா விட்றாதீங்க சார், பழுப்பு வைங்க. அப்பதான் பச்சைக்கு நடுவுல பளிச்னு நிக்கும்."

"சாயங்கால வானம்?"

அவள் சொல்லச் சொல்ல அவர் ஒன்று விடாமல் எழுதினார். ஒரு நம்பரையும் மறுத்துப் பேசவில்லை. சபீனாவுக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டில் ஜன்னல் திரை வாங்கும்போதுகூட அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இங்கே ஓர் ஓவியர், அவள் சொன்ன நிறங்களை அப்படியே ஒரு புத்தகத்தில் போடப் போகிறார்!

"உங்க கண்ணு பெரிய கண்ணு மேடம்" என்றார் அவர், நோட்டை மூடியபடி.

"அட, நீங்க வேற!" வெட்கமும் சிரிப்புமாக அவள் மாற்று முனைகள் பாக்கெட் ஒன்றைச் சும்மாவே பைக்குள் போட்டாள்.

அவருடைய போன் அடித்தது. "வந்துட்டீங்களா சார்? இதோ வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், தெருவைப் பார்த்துத் தயங்கி நின்றார். பிறகு திரும்பி அவளிடமே வந்தார்.

"மேடம், ஒரு சின்ன உதவி. அந்தப் புத்தகம் போடறவர் எதிர் டீக்கடையில நிக்கறாராம். நான் நேர்ல பாத்ததில்ல. சிவப்புச் சட்டைன்னார். அங்க ரெண்டு பேர் நிக்கறாங்க, ரெண்டு சட்டையும் எனக்கு ஒரே மாதிரி இருக்கு. அதுல அவர் யாருன்னு சொல்லுங்களேன்."

சபீனா எட்டிப் பார்த்தாள். ஒருவர் போட்டிருந்தது சிவப்பு. இன்னொருவர் போட்டிருந்தது நல்ல இலைப்பச்சை.